வெள்ளைப் பசுவுக்குச் சிலை வைத்த ஊர்

ஸ்காட்லாந்து நாட்டின் வடகிழக்கு மூலையில், அபர்டீன் நகரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தள்ளி, டரிஃப் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மக்கள் தொகை ஏறக்குறைய 5,000. அதன் கடைவீதிச் சந்திப்பில் ஒரு சிலை நிற்கிறது. அரசருக்கோ தளபதிக்கோ வைத்த சிலை அல்ல. ஒரு கறவை மாட்டுக்கு வைத்தது. 2010-ம் ஆண்டில்தான் திறந்தார்கள். ஆனால் அந்த மாட்டின் கதை நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. மாடு ஏலத்துக்கு வந்த கதை என்பதால், ஜப்தி நோட்டீஸைப் பார்த்திருக்கும் எந்த விவசாயக் குடும்பத்துக்கும் அது உடனே புரிந்துவிடும். ஆனால் அதில் யார் பக்கம் நியாயம் என்பது அவ்வளவு சுலபமாகப் புரியாது.

உள்ளூர்க்காரர்கள் ஊரின் பெயரை 'டர்ரா' என்றுதான் சொல்வார்கள். அந்த வட்டாரப் பேச்சுக்கு டோரிக் என்று பெயர். நகரத்து ஆங்கிலம் பேசுபவருக்கே பாதி விளங்காது. பசுவுக்கு அங்கே 'கூ'. அதனால் சிலையில் நிற்பவள் 'டர்ரா கூ', டரிஃப் பசு.

ஊரைச் சுற்றி மண் சிவப்பு. அடியில் இருப்பது சிவப்பு மணற்பாறை. பழைய வீடுகளும் அதே கல்லில் கட்டியவை. ஊரை ஒட்டி டெவரன் ஆறு ஓடுகிறது. பூமியின் வடகோடிக்குப் பக்கமான இடம் என்பதால் ஜூன் மாதத்தில் பகல் ஏறக்குறைய 18 மணி நேரம் நீளும். டிசம்பரில் 7 மணி நேரம்கூட வெளிச்சம் இருக்காது. அங்கே உழவு, விதைப்பு, அறுவடை எல்லாமே இந்தக் கணக்குக்குள்தான் அடங்க வேண்டும்.

ஏழை உழவர் 13 பேர்

ஊரின் வரலாற்றில் விவசாயிக்கு ஆரம்பத்திலேயே இடம் கிடைத்திருக்கிறது. 1273-ம் ஆண்டு பக்கன் பகுதியின் பிரபு அலெக்சாண்டர் காமின் இங்கே ஓர் அறச்சாலை கட்டினார். அதில் தங்கவைத்துச் சோறு போட வேண்டியவர்கள் யார் என்று சாசனத்திலேயே எழுதியிருக்கிறது: பக்கன் பகுதியைச் சேர்ந்த, நொடித்துப்போன உழவர்கள் 13 பேர். உழுது உழைத்து, வயதான காலத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் நின்ற ஆட்களுக்கு அந்தக் காலத்திலேயே ஒரு கூரை. பிற்பாடு 1328-ல் ராபர்ட் புரூஸ் மன்னர் இதே அறச்சாலைக்கு மானியம் கொடுத்தார். போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்ட தன் தம்பிக்காக இங்கே வழிபாடு நடக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

1512-ல் டரிஃப் சந்தை நடத்தும் உரிமையுள்ள ஊராயிற்று. 1639-ல் மன்னர் பக்கத்தாரும் எதிர்ப் பக்கத்தாரும் இந்த ஊர்த் தெருவிலேயே விடியற்காலையில் மோதிக்கொண்டார்கள். அந்தப் போரில் முதல் ரத்தம் சிந்திய இடங்களில் ஒன்று இது என்று வரலாற்று நூல்கள் சொல்லும். கைகலப்பு சீக்கிரமே முடிந்துவிட்டது. ஊரை உண்மையில் மாற்றியது கத்தி அல்ல, ஒரு கிழங்கு.

டர்னிப் வந்த பிறகு

1700-களின் நடுப்பகுதி வரை அந்த வட்டாரத்தில் குளிர்காலம் என்றால் மாட்டுக்குப் பட்டினிக்காலம். புல் அக்டோபரோடு நின்றுவிடும். கையில் இருப்பது கொஞ்சம் வைக்கோல் மட்டுமே. தீவனம் போதாது என்று தெரிந்த மாடுகளை இலையுதிர் காலத்திலேயே வெட்டி உப்புக்கண்டம் போட்டுவிடுவார்கள். மிச்சம் வைத்த மாடுகள் வசந்தம் வரும்போது எலும்பும் தோலுமாக, எழுந்திருக்கத் தெம்பில்லாமல் கிடக்கும். ஆட்கள் சேர்ந்து தூக்கி நிறுத்தித்தான் மேய்ச்சலுக்கு விட வேண்டியிருந்தது.

டர்னிப் என்பது முட்டைக்கோஸ் குடும்பத்தைச் சேர்ந்த வேர்க்கிழங்கு. டோரிக்கில் அதற்கு 'நீப்'. குளிரைத் தாங்கும், வயலிலேயே கிடக்கும், தேவைப்படும்போது பிடுங்கிக்கொள்ளலாம். இதோடு சிவப்புக் குளோவர் என்ற பயறுவகைத் தீவனமும், அமிலத்தைக் குறைக்கச் சுண்ணாம்பும் வந்தன. பெரும்பான்மைப் பண்ணைகளில் நிலத்தை ஆறு பங்காகப் பிரித்தார்கள். மூன்று பங்கில் புல்லும் குளோவரும் மேய்ச்சலுக்கு. நான்காம் ஆண்டு அந்தப் புல்தரையை உழுது ஓட்ஸ். ஐந்தாம் ஆண்டு டர்னிப், ஓரத்தில் கொஞ்சம் உருளைக்கிழங்கு. தொழு உரம் முழுவதும் இந்தப் பங்குக்குத்தான் போகும். ஆறாம் ஆண்டு மீண்டும் ஓட்ஸ் அல்லது பார்லி, அதன் நிழலிலேயே புல் விதையும் குளோவர் விதையும் தூவிவிடுவார்கள். தானியம் அறுத்ததும் அடியில் புல்தரை தயாராக இருக்கும். அடுத்த சுற்று தொடங்கிவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், பயிருக்கும் மாட்டுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல். மாடு நவம்பர் முதல் மே வரை கொட்டிலில் கட்டியிருக்கும். தீனி டர்னிப்பும் ஓட்ஸ் வைக்கோலும். சாணம் மறுபடியும் டர்னிப் வயலுக்கு. குளோவர் தழைச்சத்தைக் கொடுத்தது. வெளியிலிருந்து வாங்கியது சுண்ணாம்பும், பிற்காலத்தில் எலும்புத்தூளும் மட்டுமே. கல்லும் கரம்புமாகக் கிடந்த அபர்டீன்ஷயர் இதனால்தான் மாட்டிறைச்சிக்குப் பெயர் வாங்கியது.

இந்த முறைக்குக் கூலி வேலை அதிகம். ஜூனில் டர்னிப் நாற்றைக் களைவெட்டியால் ஒவ்வொன்றாகக் கலைத்து, செடிக்குச் செடி இடைவெளி விட வேண்டும். குளிர்காலத்தில் உறைபனி மூடிய கிழங்கைக் கையால் பிடுங்கி, வேரையும் இலையையும் வெட்ட வேண்டும். விரல் மரத்துப்போகும் வேலை. வயலில் பொறுக்கிய கற்களைக் கொண்டே வேலிச்சுவர் கட்டினார்கள். சாந்து பூசாத அந்தச் சுவர்கள் பல இடங்களில் இன்றும் நிற்கின்றன. கரம்பைத் திருத்தியவர்களில் பலர் சிறு குத்தகைதாரர்கள். நிலம் நன்றாக வந்ததும் குத்தகைத் தொகை ஏறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே மாவட்டத்தில்தான் சிட்டிட்டன் பண்ணையின் ஏமஸ் க்ரூக்ஷாங்க் ஷார்ட்ஹார்ன் இனத்தை இறைச்சி மாடாக வளர்த்தெடுத்தார். டில்லிஃபோர் பண்ணையின் வில்லியம் மெக்கோம்பி கொம்பில்லாத கறுப்பு மாடுகளைத் தேர்ந்து பெருக்கினார். அபர்டீன் ஆங்கஸ் இனம் உலகம் முழுக்கப் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1857-ல் டரிஃப்புக்கு ரயில் வந்தது. அதற்கு முன் மாடுகள் தெற்கே நடந்தே போய் வழியில் எடை குறையும். ரயில் வந்த பிறகு, கொழுத்த மாடு கொழுத்தபடியே லண்டன் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆறு மாதத்துக்கு ஓர் அச்சாரம்

பண்ணை வேலைக்காரர்களின் வாழ்க்கை வேறு தாளத்தில் நடந்தது. மே மாதக் கடைசியிலும் நவம்பர் மாதக் கடைசியிலும் ஆள் பிடிக்கும் சந்தை கூடும். கல்யாணமாகாத ஆண்கள் ஆறு மாதத்துக்கு ஒப்பந்தம். குடும்பஸ்தர்களுக்கு ஒரு வருடம். விவசாயி ஆளைப் பார்த்துப் பேரம் பேசுவார். ஒத்துக்கொண்டால் ஒரு நாணயத்தைக் கையில் வைப்பார். அதுதான் அச்சாரம். வாங்கிவிட்டால் ஆறு மாதம் முடியும் வரை விட்டுப் போக முடியாது. சம்பளத்தின் பெரும்பகுதி காலம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும்.

இளைஞர்கள் தங்கியது குதிரை லாயத்தை ஒட்டிய அறையில். சொத்து ஒரு மரப்பெட்டி. சாப்பாடு பண்ணை அடுக்களையில்: ஓட்ஸ் மாவில் கொதிநீர் ஊற்றிக் கிளறிய கூழ், பால், உருளைக்கிழங்கு, டர்னிப், கோஸ் கீரை. அவர்களுக்குள் வரிசைமுறை கடுமையாக இருந்தது. முதல் ஏர்க்காரர் எழுந்தால்தான் மற்றவர் எழ வேண்டும்; மேசைக்கு அவர் போன பிறகுதான் இரண்டாம் ஏர்க்காரர். மாட்டுக்காரர் தனி. எந்த வேலைக்கும் ஓடும் பையன் கடைசி.

ஏர்க்காரர்களுக்கு ஒரு ரகசியச் சங்கமும் இருந்தது. புதிதாக வந்த பையனை இரவில் கண்ணைக் கட்டிக் களஞ்சியத்துக்குக் கூட்டிப்போவார்கள். அவன் ரொட்டியும் விஸ்கியும் கொண்டுபோக வேண்டும். 'சாத்தானின் கையைக் குலுக்கு' என்று தோல் சுற்றிய ஒரு குளம்பை இருட்டில் நீட்டுவார்கள். கடைசியில் குதிரையை அடக்கும் 'சொல்' காதில் ஓதப்படும். குதிரையை உண்மையில் அடக்கியது சொல்லா, அவர்களுக்குத் தெரிந்த மூலிகை வாசனைகளா என்பது வேறு விஷயம். ஒரு வேலைக்காரனுக்குத் தன் தொழிலில் மரியாதை கொடுத்தது அந்தச் சங்கம்.

எஜமானைப் பற்றிய குறைகளைப் பாட்டாகக் கட்டிவிடுவார்கள். டரிஃப் சந்தையில் தொடங்கும் 'டெல்கட்டி பண்ணை' பாட்டு இன்றும் பாடப்படுகிறது. நல்ல குதிரைகள் என்று சொல்லி ஆளைப் பிடித்துவிட்டு, போய்ப் பார்த்தால் எலும்பும் தோலுமான குதிரைகளைக் கொடுத்த கதை. கஞ்சனான விவசாயியின் பெயர் அடுத்த சந்தைக்குள் வட்டாரம் முழுக்கத் தெரிந்துவிடும்.

நாலு பென்ஸ், மூணு பென்ஸ்

இப்போது பசுவுக்கு வருவோம். 1911-ல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் தேசியக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். 1912 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. வாரத்துக்குத் தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசு 2 பென்ஸ். தொழிலாளி நோயில் விழுந்தால் டாக்டர் வைத்தியம் உண்டு. ஆணாக இருந்தால் வாரம் 10 ஷில்லிங் உதவித்தொகையும் கிடைக்கும். முதலாளிதான் தொழிலாளியின் அட்டையில் வாராவாரம் ஸ்டாம்பு ஒட்ட வேண்டும்.

வடகிழக்கு விவசாயிகள் இதை எதிர்த்தார்கள். பண்ணையாள் காற்றோட்டத்தில் வேலை செய்பவன், ஆலைத் தொழிலாளியைப் போல அடிக்கடி நோயில் விழுவதில்லை. நகரத்துக்காரனின் வைத்தியச் செலவுக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்பது முதல் வாதம். எங்கள் ஆள் படுத்தால் நாங்களே சோறு போட்டுச் சம்பளமும் கொடுக்கிறோம், அதுதான் இங்கே வழக்கம் என்பது இரண்டாவது வாதம். பண்ணையாட்களிலும் பலருக்குச் சம்பளத்தில் 4 பென்ஸ் பிடித்தம் செய்வது பிடிக்கவில்லை.

டரிஃப் அருகே லென்ட்ரம் பண்ணையை நடத்திய ராபர்ட் பேட்டர்சன் ஸ்டாம்பு ஒட்ட மறுத்தார். வழக்கு நடந்து தண்டனையும் வந்தது. பாக்கியை அப்போதும் அவர் கட்டவில்லை. ஜப்திக்கு ஆணை பிறந்தது. பண்ணைச் சாமான்களைத் தூக்கிப்போக உள்ளூரில் உதவ ஆளில்லை. தன் காலாலேயே நடந்து வரக்கூடியது மாடு. அயர்ஷயர் இனமும் ஷார்ட்ஹார்ன் இனமும் கலந்த வெள்ளைக் கறவைப் பசு ஒன்றை அதிகாரி ஓட்டிக்கொண்டு போனார்.

1913 டிசம்பர் 9. டரிஃப் சதுக்கத்தில் ஏலம். பண்ணைகளில் வேலையை நிறுத்திவிட்டு ஆட்கள் திரண்டு வந்திருந்தார்கள். பசுவின் விலாவில் சாயத்தால் வாசகம் எழுதியிருந்தது: லென்ட்ரத்திலிருந்து லீக் வரை. லீக் என்பது தாளோடு சமைக்கும் ஒரு வகை வெங்காயம். லாயிட் ஜார்ஜின் வேல்ஸ் நாட்டுக்கு அது சின்னம். கிண்டல் அவரைக் குறித்தது. ஏலம் கேட்க ஒருவரும் முன்வரவில்லை. கூச்சல் எழுந்தது. அதிகாரிகள் மேல் டர்னிப்பும் முட்டையும் பறந்தன, பட்டாசு வெடித்தது. அந்தக் கலவரத்தில் பசு கட்டை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. ஏலம் நின்றது.

அதிகாரிகள் பசுவைத் தேடிப் பிடித்து அபர்டீனுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். டரிஃப் வட்டார விவசாயிகள் பணம் போட்டு அதை மீட்டார்கள். 1914 ஜனவரி 20 அன்று பசு ஊருக்குத் திரும்பியபோது ஆயிரக்கணக்கானோர் கூடினர். ரிப்பன் கட்டி, பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலம். 'எனக்கு விடுதலை, நீங்களும் என்னைப் போல் இருக்க ஆசையில்லையா' என்ற பொருளில் இந்த முறை அதன் உடம்பில் எழுதியிருந்தார்கள். பேட்டர்சன் மீதும் இன்னும் சிலர் மீதும் கலவர வழக்கு அபர்டீனில் நடந்தது. 'நிரூபிக்கப்படவில்லை' என்று தீர்ப்பு. குற்றவாளி என்றும் இல்லை, நிரபராதி என்றும் இல்லை. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் நெடுங்காலம் இருந்த மூன்றாவது வகைத் தீர்ப்பு அது. பசுவின் படம் போட்ட தபால் அட்டைகளும் பீங்கான் சாமான்களும் விற்பனைக்கு வந்தன.

பேட்டர்சன் தன் ஆட்களை நன்றாக நடத்தியவர் என்று பெயர். சிக்கலும் அங்கேதான். நல்ல எஜமானிடம் வேலை பார்த்தவனுக்கு வழக்கமே போதும். கஞ்சனிடம் ஆறு மாத அச்சாரம் வாங்கியவன் ஜனவரிக் குளிரில் நெஞ்சுச்சளியோடு லாயத்து அறையில் கிடந்தால் அவனுக்கு என்ன வழி? டெல்கட்டி பாட்டுப் பிறந்த அதே ஊரில், எல்லா எஜமானும் ஒன்று என்று நம்ப முடியுமா? அட்டையில் ஒட்டிய ஸ்டாம்பு எஜமானின் மனசைப் பொறுத்தது அல்ல. பண்ணை மாறினாலும் அட்டை கூடவே போகும். அதே 1912-ல்தான் ஜோ டங்கன் செயலாளராக ஸ்காட்லாந்துப் பண்ணையாட்கள் சங்கம் உருவானது. அவர்கள் கேட்டது ஓய்வு நாளும், நாகரிகமான வீடும், நீண்ட கட்டு ஒப்பந்தத்திலிருந்து விடுதலையும். அவர்களுக்குக் கடைவீதியில் சிலை இல்லை.

விவசாயிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆலைகளை மனதில் வைத்துத் தலைநகரில் எழுதிய சட்டத்தை, ஆறு மாத ஒப்பந்தமும் அடுக்களைச் சாப்பாடும் உள்ள ஊருக்கு அப்படியே பொருத்தினார்கள். அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லும் வேலையையும் யாரும் சரியாகச் செய்யவில்லை. ஜப்தி அதிகாரிதான் முதலில் வந்தார்.

இப்போது

1937-ல் பண்ணைத் தொழிலாளருக்குக் கூலியைச் சட்டம் நிர்ணயித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டர் வந்தது. ஏர்க்காரரும் ரகசியச் சொல்லும் போயின. ஆள் பிடிக்கும் சந்தையும் மறைந்தது. 1948-ல் நாடு முழுவதற்கும் இலவச மருத்துவம் வந்தது. டரிஃப்பில் ஒரு சிறு மருத்துவமனை உண்டு. பயணிகள் ரயில் 1951-ல் நின்றது, சரக்கு ரயில் 1966-ல். வட்டாரத்துச் சிற்றூர் மாட்டுச்சந்தைகள் பல மூடி, வியாபாரம் 1990-ல் தொடங்கிய தைன்ஸ்டன் பெருஞ்சந்தைக்குப் போய்விட்டது. 1970-களிலிருந்து வடகடல் எண்ணெய் வேலை, இளைஞர்களை அபர்டீன் பக்கம் இழுத்தது.

வயலில் இன்று ஓட்ஸைவிட வசந்தகாலப் பார்லி அதிகம். நல்ல மணியாக இருந்தால் விஸ்கிக்கு முளைகட்டப் போகும், தரம் குறைந்தால் தீவனம். டர்னிப் குறைந்து, கொட்டில் மாட்டுக்குப் பதனத்தழை வந்திருக்கிறது. ஆறு பங்குச் சுழற்சியை அப்படியே வைத்திருப்பவர்கள் குறைவு. மாடும் புல்லும் பார்லியும் ஒரே பண்ணையில் என்பது மட்டும் பல இடங்களில் தொடர்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை ஊர் நிறையும். 1864-ல் தொடங்கிய வேளாண் கண்காட்சி, ஆகஸ்ட் முதல் வாக்கில் ஞாயிறும் திங்களும் நடக்கிறது. இரண்டு நாள் நடக்கும் வேளாண் கண்காட்சிகளில் ஸ்காட்லாந்திலேயே பெரியது இதுதான் என்கிறார்கள். குளிப்பாட்டி, மயிர் சீவிய மாடுகள், கால் மயிர் தொங்கும் கிளைட்ஸ்டேல் குதிரைகள், செம்மறிகள், கோழிகள். ஒரு கூடாரத்தில் வீட்டில் செய்த ஜாமும் ஓட்ஸ் அடையும் பின்னலும் வரிசையாக இருக்கும். நடுவர் ருசி பார்த்துக் குறிப்பு எழுதுவார். 'ஃபிட் லைக்?' என்று ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொள்வார்கள்.

லென்ட்ரம் பசு விளம்பரம் எல்லாம் ஓய்ந்த பிறகு வழக்கம்போல் பண்ணையில் வாழ்ந்து, 1920-ல் இறந்தது. பண்ணை நிலத்தின் ஒரு மூலையில் அதைப் புதைத்தார்கள்.